வெயிலும் மனச்சாட்சியும்

(கண்ணமங்கலத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒண்ணுபுரத்திலிருந்தும் அத்திமலைப்பட்டிலிருந்தும் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாள நண்பர்களே, மாணவச் செல்வங்களே,

பூமி சூடாகிறது என்பதைப் பற்றி இங்கே பேசவேண்டும் என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டுக்கொண்டபோது, அதை விளக்கிச் சொல்ல என்னைக் காட்டிலும் தகுதியுள்ள விஞ்ஞானிகள் பலர் இருக்கிறார்கள் என்பதனாலும், சித்திரை மாதத்து மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழே தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வெப்பத்தைப் பற்றி விரிவுரை செய்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும் என்பதனாலும், அவர்கள் அனுமதியின் பேரில் தலைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டேன். இந்தச் செய்தியைக் கேட்கும் மனிதன் உள்ளத்தில் உண்டாகும் இரண்டு விகாரங்களைப் பற்றி இன்று விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன். 'இத்தனைக்கும் நானும் காரணம்' என்னும் குற்றவுணர்ச்சி ஒன்று. 'நான் என்ன செய்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை' என்னும் கையறு நிலை மற்றொன்று.

இவ்விரண்டும் ஒரே மனத்தில் மாறி மாறி எழக்கூடியவை. சில சமயங்களில் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைகளாகப் பிரிந்தும் குடியிருக்கும். இந்தப் பக்கத்துக் கிராமமொன்றில் எனக்கு வேண்டிய ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கோடையில் போயிருந்தேன். வேலூரில் கல்லூரியில் படிக்கும் பேத்தி, அக்கினி நட்சத்திரத்து உச்சிவேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்து விறுவிறுக்க உட்கார்ந்திருந்தாள். காரணம் கேட்டதற்கு, "கரண்டுக்காகத்தானே சார் நிலக்கரியை எரிக்கறாங்க? அந்தப் பாவத்துல என் பங்கையாவது குறைச்சுக்கலாம்னுதான்" என்றாள். தறியை விட்டு எழுந்து வந்த தாத்தா, ஒன்றும் பேசாமல் விசிறியைப் போட்டுவிட்டு, "வானத்துக்கு மூடி போடவா முடியும்? பேசாம காத்துல உக்காரு, கண்ணு" என்றார். பேத்தியின் விரதம் எனக்கு மரியாதையை உண்டாக்கியது. தாத்தாவின் சமாதானம் சிரிப்பை உண்டாக்கியது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துப் பார்க்கையில், இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள், விடையை மட்டும் வேறு வேறாக எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றிற்று. உலகம் ஒரு பக்கம், தான் ஒற்றை ஆளாக ஒரு பக்கம் என்று நிறுத்திப் பார்ப்பதே அந்தக் கணக்கு. அப்படிப் பார்க்கிறவன் இளைஞனானால் தன்னைத் தண்டித்துக்கொள்வான், முதியவனானால் சோர்ந்துவிடுவான்.

இது அந்த வீட்டோடு முடிந்த கதையன்று. 2021-ஆம் ஆண்டில் இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளில், 16 வயதிலிருந்து 25 வயது வரையுள்ள பத்தாயிரம் பேரிடம் நடத்தப்பெற்று, 'லான்செட்' குழுமத்து மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 45 பேர் பருவநிலை குறித்த கவலை தங்கள் அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்று கூறியிருக்கிறார்கள். செல்வம் கொழிக்கும் நாடுகளில் இந்த விகிதம் குறைவாகவும், இந்தியா, பிலிப்பைன்ஸ் போன்ற தேசங்களில் மிக அதிகமாகவும் இருந்தது. கேட்டைச் செய்தவனைக் காட்டிலும், அதை அனுபவிக்க நேர்ந்தவனே அதற்காக அதிகம் வருந்துகிறான் என்பது உலகத்தில் புதிதன்று. ஆயினும் புள்ளிவிவரமாகவே அது அச்சாகி வந்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

விஞ்ஞானத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும்போது எழும் கரியமில வாயு, பூமியிலிருந்து வெளியேற முயலும் உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இதைக் கணக்கிட்டு 1896-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் சுவீடன் தேசத்து அறிஞர் ஸ்வாந்தே அரேனியஸ். அந்த வாயு இரட்டித்தால் பூமி ஐந்தாறு பாகை சூடேறும் என்று கண்ட அந்தப் பெரியவர், பிற்பாடு எழுதிய நூலொன்றில், இதனால் வருங்கால மக்கள் இன்னும் இதமான தட்பவெப்பத்தில் வாழ்வார்கள் என்று சந்தோஷமும் பட்டிருக்கிறார்! குளிர்தேசத்து மனிதர், மே மாதத்து வேலூரைக் கண்டறியாதவர், அவரைக் குறை சொல்வதற்கில்லை. யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைக் காட்டிலும் உலகச் சராசரி வெப்பம் ஒன்றரை பாகைக்கு மேல் உயர்ந்த முதல் ஆண்டாகப் பதிவாகியிருக்கிறது.

காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடும் என்பது பௌதிக விதி. ஆகவே வறட்சி நீளுவதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினாலும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்களாம். இதற்கு அத்தாட்சியை நாம் தூர தேசங்களில் தேட வேண்டியதில்லை. 2021 நவம்பரில், ஆண்டுக்கணக்கில் மணலாகவே கிடந்த பாலாற்றில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவரும் கண்டிராத வெள்ளம் புரண்டது. 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறி உள்நாட்டுக்குள் மெல்ல நகர்ந்தபோது, ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது; டிசம்பர் 1-ஆம் தேதி மாலையில் நம் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையில், ஜோதியாக நின்றவனின் வடிவம் என்று கோடிப்பேர் வலம்வரும் அந்த மலையின் சரிவு பெயர்ந்து விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். தனியொரு புயலைக் காட்டி, இது முழுவதும் புகையின் விளைவே என்று சாதிப்பது நியாயமன்று. புயல்கள் முன்னும் வந்தன. ஆனால் வரும் புயல் ஒவ்வொன்றும் முன்னைவிட அதிக நீரைச் சுமந்து வருவதற்கு வழி ஏற்பட்டிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

பட்டுத் தொழிலுக்கு இதனால் நேரும் இடரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கர்நாடகத்துப் பக்கத்திலிருந்து நமக்கு வரும் பட்டு நூலுக்கு மூலமான புழு, 24 முதல் 28 பாகை வரையிலான வெப்பத்தில் நன்றாக வளரக்கூடிய சுகவாசியான ஜீவன். அதற்கு மேல் போனால் தழையை வெறுக்கும், நோய்ப்படும், கூடு மெலியும். இங்கே தறியிலேறிய பிறகோ, வறண்ட அனல்காற்றில் பாவு இழைகள் ஈரம் வற்றி அறுகின்றன; ஐப்பசி கார்த்திகையில் விடாமழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் நீர் ஊறுகிறது, ஜக்கார்டு அட்டைகள் நமுத்து ஊதிப்போகின்றன, தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள் வானத்தைப் பார்த்தபடி நாட்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெருமைதான். ஆனால் அந்தச் சான்றிதழ் தறி நின்றுபோன நாளுக்குக் கூலி தருவதில்லை.

இனி அந்தப் பேத்தியின் பாவக் கணக்குக்கு வருவோம். 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட் மின்சாரம் செலவாகும். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கைக் கணக்கிட்டால், யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு எழுகிறது. ஆக, அவள் நாள் முழுதும் வெந்து மீதப்படுத்தியது அரைக் கிலோவுக்குச் சற்றே அதிகம். அவள் தகப்பனார் இருசக்கர வண்டியில் வேலூர் போய்த் திரும்பினால் ஒரு லிட்டர் பெட்ரோல், அதிலிருந்து 2.3 கிலோ. உலகமெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் ஆண்டொன்றுக்கு எழும் கரியமில வாயுவோ சுமார் 3,700 கோடி டன். அமெரிக்கர் ஒருவர் பங்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் என்றால், இந்தியர் ஒருவர் பங்குக்குச் சுமார் 2 டன்தான் வரும். அந்த இரண்டு டன்னும் சராசரிக் கணக்கே ஒழிய, மும்பையில் மாடிமேல் மாடி கட்டிக் குளிரூட்டிக்கொள்பவருக்கும் ஒண்ணுபுரத்துத் தறிக்காரருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டதன்று. தொழிற்புரட்சிக் காலம் முதல் வானில் சேர்ந்த மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவில்.

இந்த அளவில் நிறுத்திவிட்டு, 'அப்படியானால் நமக்கு ஒரு பொறுப்பும் இல்லை' என்று கைதட்டிக் கலைந்து போகலாமா என்றால், அது கூடாது என்பதே என் அபிப்பிராயம். ஆண்டுதோறும் எழும் புகையில் இன்று உலகில் மூன்றாவது ஸ்தானம் இந்தியாவுக்கு என்பதும், தலைக்கு எவ்வளவு என்று வானம் வகுத்துப் பார்ப்பதில்லை என்பதும் உண்மைதானே. ஆகவே குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா ஒருவர் ஊரெல்லாம் கடன் வாங்கி மெத்தை வீடு கட்டிச் சுகமாக வாழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார். பின்பு பங்கு பிரிக்கும்போது, அந்த வீட்டில் ஒரு நாளும் படுத்தறியாத தம்பி மகனுக்கும் கடனில் ஒரு பாகம் வருகிறது. அவன் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, 'இது இன்னார் வாங்கியது, இவ்வளவு அவர்கள் கட்ட வேண்டும், இவ்வளவு என் பங்கு' என்று வழக்காடவும் வேண்டும். வழக்கு முடியுமட்டும் வட்டி நிற்காது என்பதனால் தன்னாலானதைக் கட்டிக்கொண்டும் வர வேண்டும். அவன் செய்யத் தேவையில்லாத ஒன்று உண்டென்றால், அது அந்தக் கடனுக்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வது. நம் மாணவச் செல்வங்கள் பலரும் வழக்காடவும் போகாமல், வட்டியும் கட்டாமல், கன்னத்தில் மட்டும் அறைந்துகொள்கிறார்கள்.

அப்படி அறைந்துகொள்வதில் லாபம் காண்பவர்களும் உண்டு. தனிமனிதன் தன் வாழ்க்கையால் எழும் புகையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் முறையை உலகெங்கும் விளம்பரப்படுத்தியவர்களுள் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்னும் எண்ணெய்க் கம்பெனியார். 2004-ஆம் ஆண்டில் அவர்களே அதற்கொரு கணிப்பானை உருவாக்கிப் பொதுமக்கள் கையில் கொடுத்தார்கள். பூமியைத் தோண்டி எண்ணெய் எடுப்பவர், அதை வாங்கி ஊற்றிக்கொள்பவனைப் பார்த்து, 'தம்பி, நீ எவ்வளவு எரித்தாய் என்று எழுதிவை' என்று உபதேசிக்கும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! கணக்கிடுவது தவறன்று, நானே சற்றுமுன் கணக்கிட்டேன். எவருடைய கணக்கு எவரால் கேட்கப்படாமல் போகிறது என்பதிலேதான் என் கவனமெல்லாம்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவாகவே இருந்தார்கள் என்று நான் எண்ணுவதுண்டு. மழை பொய்த்தால் அவர்கள் முதலில் அரசனைப் பார்த்தார்கள். திருக்குறளில் கொடுங்கோன்மை அதிகாரத்தைப் படித்தவர்கள், முறை தவறிய மன்னனுக்கும் மழை பெய்யாமைக்கும் வள்ளுவர் சம்பந்தம் காட்டியிருப்பதை அறிவார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் பகுத்தறிவாளராகிவிட்டோம் என்று நாம் திருப்தியடைந்திருந்த காலத்தில், அரசுகளின் சட்டமும் வரியும் மானியமும் ஒப்பந்தமும் மழையின் போக்கையே மாற்றுகின்றன என்று விஞ்ஞானம் வந்து சொல்லுகிறது.

இதற்குத் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருடைய சரித்திரமே திருஷ்டாந்தமாக இருக்கிறது. வீரபத்திரன் இராமநாதன் என்பவர் 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்ந்தார். பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு கசிந்துபோகிறதே, ஏன் என்று கண்டுபிடிப்பது அவருக்கிட்ட பணி. அலுத்துப்போய் மேற்படிப்புக்குச் சென்று, கடல் கடந்து, வளிமண்டலத்தை ஆராயத் தொடங்கியவர், அதே இனத்து வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பல்லாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாக உஷ்ணத்தைப் பிடித்து வைக்கும் என்பதை 1975-இல் வெளியிட்டார். ஓசோன் படலத்தையும் அவ்வாயு அரிக்கிறது என்று வேறு அறிஞர்கள் கண்டிருந்தார்கள். 1987-இல் மான்ட்ரியல் நகரில் தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவ்வாயுக்கள் படிப்படியாக உற்பத்தியிலிருந்தே விலக்கப்பட்டன. இன்று நம் கடைத்தெருவில் குளிர்பதனப் பெட்டி வாங்குகிறவர் எவரும் மனச்சாட்சியைக் கேட்டு அந்தப் பழைய வாயுவைத் தவிர்ப்பதில்லை. கடையில் அது கிடைப்பதே இல்லை. லட்சோப லட்சம் குடும்பங்கள் ஐஸ் தண்ணீரைத் துறந்து தவம் செய்ததனால் இது நடந்திருக்குமா?

'அது கற்றறிந்தோரும் அரசாங்கங்களும் சேர்ந்து செய்த காரியம். கண்ணமங்கலத்தான் என்ன செய்வான்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேட நாம் இந்த மண்டபத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். நாகநதி வரை போனால் போதும்.

ஜவ்வாது மலைத்தொடரில் அமிர்திக் காட்டுப் பக்கம் உற்பத்தியாகி, கணியம்பாடி வட்டாரத்தைத் தொட்டு, நம் ஊரை ஒட்டி ஓடி, ஆரணிப் பக்கம் கமண்டல நதியோடு சேரும் இந்த ஆற்றை, முதியவர்கள் நீச்சலடித்த இடமாக நினைவு வைத்திருக்கிறார்கள். நடுவயதினர் வண்டியை இறக்கி ஓட்டிக் கடந்த மணல்வெளியாக நினைவு வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் மரம் குறைந்தது, ஆற்றில் மணல் அள்ளப்பட்டது, கரையோரத்து ஆழ்துளைக் கிணறுகள் போட்டி போட்டுக்கொண்டு கீழே இறங்கின, பெய்த மழை பெய்த அன்றைக்கே வழுக்கி ஓடிப்போனது. இப்படி ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த நதியை மீட்கலாம் என்று சுமார் 2014-ஆம் ஆண்டில் 'வாழும் கலை' அமைப்பினர் திட்டம் வகுத்தார்கள். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் கூலி கொடுத்தது. நம் வழக்கில் சொன்னால், நூறு நாள் வேலை. அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். நான்கு ஆண்டுகளில் சுமார் 20,000 பெண்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவர்கள் செய்தது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மலையடிவாரத்து ஓடைகளில் கற்களைப் பொறுக்கி அடுக்கித் தடுப்புக் கட்டினார்கள். ஓடிவரும் நீரின் வேகம் அதனால் தணிந்து, மண் அங்கேயே தங்கியது. ஓடைப் படுகையில், நீர் உள்ளே இறங்கத்தக்க இடமாகப் பார்த்துக் கிணறு தோண்டி, சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். இவை நீர் இறைக்கும் கிணறுகளல்ல. நீரை பூமிக்குள் அனுப்பும் கிணறுகள். தலையில் மண் கூடையும், இடுப்பில் சோற்றுத் தூக்குமாகக் காலையில் போய், வெயில் ஏறுமுன் தோண்டி, அளவெடுக்க வருபவருக்காகக் காத்திருந்து திரும்பினார்கள். ஆண்டுகள் சில கழிந்தபின் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. ஆற்றிலும் நீர் கண்டது. 2021 செப்டம்பர் 26-ஆம் தேதி, உலக ஆறுகள் தினத்தன்று, பிரதம மந்திரி தம் வானொலி உரையில் திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் ஓடும் நாகநதியையும் அந்தப் பெண்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

அந்த வேலையில் இருந்த ஒரு தாயாரை ஒருமுறை சந்தித்தபோது, பூமியைக் காப்பாற்றும் எண்ணத்தோடுதான் இதில் சேர்ந்தீர்களா என்று கேட்டேன். பட்டணத்தான் கேள்வி. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூலிக்குத்தான் சார் போனோம். கெணத்துல தண்ணி வந்துச்சுன்னா வேணாம்னா சொல்லப் போறோம்?" என்றார். அந்தப் பதிலில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. நான் இன்று பேச வந்த விஷயத்தின் சாரமே அதில் இருக்கிறது. அவர் உள்ளத்தில் குற்றவுணர்ச்சி இல்லை. உலகத்தை நான் ஒருத்தி சுமக்கிறேன் என்ற வீராப்பும் இல்லை. ஆகவே 'நான் ஒருத்தி என்ன செய்து என்ன' என்ற சோர்வும் அவருக்கு வரவில்லை. பக்கத்தில் கூடை தூக்க இன்னும் இருபது பேர் இருந்தார்கள். கூலி கொடுக்கச் சட்டம் இருந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்ல விஷயம் தெரிந்தவர் இருந்தார். தன் பிரயத்தனத்தின் பலனை அளந்து பார்க்கத் தன் வீட்டுக் கிணறே இருந்தது. இவை நான்கும் கூடிவந்த இடத்தில் மனம் சோர்வதற்கு அவகாசமே ஏற்படுவதில்லை. விசிறியை நிறுத்திய அந்தக் குழந்தைக்கு இந்த நான்கில் ஒன்றும் வாய்க்கவில்லை. அவளுக்கு வாய்த்தது ஒரு கைப்பேசியும், அதில் இரவெல்லாம் ஓடும் பிரளயச் செய்திகளும்தான்.

இதைக் கேட்டு, நாகநதி மீண்டுவிட்டது, உலகமும் மீண்டுவிடும் என்று எவரும் உற்சாகப்பட்டுவிடக் கூடாது. உறைகிணறு கரியமில வாயுவைக் குடிப்பதில்லை. கண்ணமங்கலத்து ஓடைகளிலெல்லாம் கல் அடுக்கினாலும், வானில் ஏறிய வாயு நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். கடல்கள் உள்வாங்கிக்கொண்ட உஷ்ணம் எளிதில் தணியாது. நாளைக்கே உலகத்துப் புகைபோக்கிகள் யாவும் அணைந்தாலும் நம் பேரப்பிள்ளைகள் நாம் கண்ட கோடையைக் காணமாட்டார்கள். இந்த அர்த்தத்தில் தாத்தா சொன்னது மெய். வானத்துக்கு மூடி போட முடியாது. எந்தச் சொற்பொழிவாளர் வந்து என்ன ஆறுதல் சொன்னாலும் இந்தக் கையறு நிலையில் ஒரு பகுதி நியாயமானது, நிரந்தரமானது. அதை மறைத்துப் பேசுவது இளைஞர்களை ஏமாற்றுவதாகும்.

ஆனால் முழுவதும் முடிந்துவிட்டது என்று சொல்லுபவர்களிடத்தில் எனக்கு அதைவிடக் கோபம் அதிகம். ஒன்றரை பாகை தாண்டிவிட்டது, இனி எதுவானால் என்ன என்பது குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு பேசத்தக்க தத்துவம். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பத்திலொரு பாகையும் யாரோ ஒருவர் தறி எத்தனை நாள் நிற்கும், யாரோ ஒருவர் வீட்டுக் கூரை நிற்குமா என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. படித்தவர்கள் விரக்தியடைவது ஒருவகைப் போகம். அன்றாடங்காய்ச்சிக்கு அந்த வசதி கிடையாது.

நம் மாவட்டத்திலேயே, திருவண்ணாமலையில் படித்த வினிஷா உமாசங்கர் என்னும் மாணவி, தெருவில் துணி தேய்ப்பவர் கரி அடுப்பை எரித்துவிட்டுச் சாம்பலைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய சக்தியால் இயங்கும் தேய்ப்பு வண்டியொன்றை வடிவமைத்தாள். அதற்காகச் சுவீடனில் வழங்கும் சிறுவர்க்கான பருவநிலைப் பரிசை 2020-இல் பெற்றாள். அடுத்த ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினாள். அவளுடைய பேச்சில் நான் கவனித்தது, வெறும் வாக்குறுதிகளைக் கேட்டுத் தன் தலைமுறை சலித்துப்போயிருக்கிறது என்பதைத் தலைவர்கள் முகத்துக்கு நேரே அவள் ஒளிக்காமல் சொன்னதுதான். பதினாலு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தன் கைக்கெட்டியதைச் செய்துவிட்டு, கைக்கெட்டாததைச் செய்ய வேண்டியவர்களைப் பார்த்து, 'நீங்கள் எங்கே?' என்று கேட்பது, விசிறியை நிறுத்திவிட்டுத் தனியே வேர்ப்பதைக் காட்டிலும் ஆரோக்கியமான மார்க்கம். விசிறியை நிறுத்துவது தப்பென்று சொல்லவில்லை. அவசியமில்லாதபோது நிறுத்தத்தான் வேண்டும். அதோடு தன் கடமை தீர்ந்தது என்று நினைத்தாலும் குற்றம், தீராததால் தான் பாவி என்று நினைத்தாலும் குற்றம்.

அப்படியானால் கண்ணமங்கலத்தார் கேட்க வேண்டியது என்ன என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். தமிழ்நாட்டு அரசு பருவநிலை மாற்ற இயக்கம் ஒன்றை அமைத்து, மாவட்டந்தோறும் ஆட்சியரையே அதன் இயக்குநராக நியமித்திருக்கிறது. அதன் நடவடிக்கைகளில் மரம் நடுவதும் விழிப்புணர்வு ஊர்வலமும் இடம்பெறுகின்றன, நல்லவைதாம். ஆனால் தறி வீடு அதில் எங்கே இருக்கிறது? மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுப்பது நியாயம் என்று ஒப்புக்கொண்டிருக்கும் அரசாங்கத்திடம், மழையில் குழியில் நீர் ஊறித் தறி நிற்கும் நாட்களுக்கும் அனலில் இழை அறுந்து நிற்கும் நாட்களுக்கும் நெசவாளருக்கு ஏதேனும் வழி செய்யுங்கள் என்று கேட்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. தகரக் கூரைக்கு வெண்சாந்து பூசுவதற்கும், குழித்தறியை மேட்டுத்தளத்துக்கு உயர்த்துவதற்கும் ஆகும் செலவு, ஒரு பாலத் திறப்புவிழாவின் பந்தல் செலவுக்கு மேல் போகாது என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் சரிபார்க்கலாம். நாகநதிக்கு வந்து சேரும் வாய்க்கால்களில் எவை தூர்ந்தன, எவை வீட்டுமனையாயின என்பதைப் பேரூராட்சியின் காகிதங்களைக் காட்டிலும் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு நடந்து, கைப்பேசியிலேயே படமும் இடமும் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த மழைக்கு முன் கொடுக்க ஒரு மனு ஆயிற்று.

எந்த மனுவானாலும் அதில் தொகை இருக்க வேண்டும், நாள் கணக்கு இருக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை எத்தனை நாள் தறி நின்றது, கத்திரி வெயிலில் ஒரு சேலைக்கு எத்தனை நாள் கூடுதலாகப் பிடித்தது, அதனால் கூலியில் எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை உங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. ஆகையால் நான் இன்னும் பேசிக்கொண்டே போவதில் பிரயோஜனமில்லை. அத்திமலைப்பட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் முதலில் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து அந்தக் கணக்கைச் சொல்லட்டும், மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.